உதட்டுக்கு எட்டும் தூரத்தில் மூச்சு: தசை நோயாளர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

டுஷேன் தசைத் தேய்வு, எஸ்.எம்.ஏ., மோட்டார் நியூரோன் நோய் என்று தசைகளையும் அவற்றை இயக்கும் நரம்புகளையும் தளரவைக்கும் நோய்கள் பல உண்டு. கையிலும் காலிலும் தொடங்குகிற தளர்ச்சி ஒரு கட்டத்தில் மூச்சுத் தசைகளையும் தொட்டுவிடும். முதலில் இரவுக்கு மட்டும் மாஸ்க் வைத்து மூச்சுத் தரும் மெஷின் ஒன்று வீட்டுக்கு வரும். பகலிலும் மூச்சு போதாமல் போகும்போது, தொண்டையில் துளையிட்டு ரியூப் வைப்பதைத் தவிர வழியில்லை என்று பல குடும்பங்கள் மனம் உடைந்துவிடுகின்றன. இடையில் இன்னொரு வழி இருக்கிறது. வாயருகே மௌத்பீஸ் என்ற சிறு குழாயொன்றைப் பொருத்திவைத்து, வேண்டிய நேரத்தில் உதட்டால் பிடித்து மெஷினிலிருந்து ஒரு மூச்சு வாங்கிக்கொள்வது. முகத்தில் மாஸ்க் இல்லை, கழுத்தில் துளை இல்லை, குரல் அப்படியே இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் என் தம்பியின் பகல்பொழுது இப்படித்தான் நடக்கிறது. மருத்துவம் டொக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொல்லவேண்டியது. கொழும்பு வீடொன்றில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர என்னென்ன செய்யவேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மூச்சு குறைகிறது என்றால் இளைக்கும் என்று காத்திருக்காதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் படி ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. இளைப்புத் தெரியச் சந்தர்ப்பமே இல்லை. பார்க்கவேண்டியவை வேறு: விடியற்காலையில் தலையிடி, இரவில் பலமுறை கூப்பிட்டுத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வது, கெட்ட கனவு, பகலில் ரீவிக்கு முன்னால் தூங்கி விழுவது, சோற்றைப் பாதியில் போதும் என்பது, வசனத்தின் கடைசிச் சொற்கள் கேட்காமல் தேய்ந்துபோவது. இரவில் மூச்சு ஆழமில்லாததால் காபனீரொட்சைட்டு உடம்பில் தங்கி வருவதே அந்தத் தலையிடி. எழுந்து கொஞ்ச நேரத்தில் தானாகக் குறைந்துவிடும் என்பதால் ஒரு பனடோலோடு மறந்துவிடுகிறோம்.

2. மாதம் ஒருமுறை, நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார் என்பதைக் கலண்டரில் குறியுங்கள். சுகதேகி ஒருவர் 40, 50 வரை போவார். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் அந்தக் கலண்டரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். 20க்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்கவேண்டாம். அங்கே மூச்சின் கொள்ளளவை இருந்தபடி ஒருமுறை, படுத்தபடி ஒருமுறை அளக்கும்படி கேளுங்கள். படுத்ததும் அளவு பெரிதாகக் குறைந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பெரிய மூச்சுத் தசை தளர்ந்துவிட்டது என்று பொருள். இருந்தபடி மட்டும் அளந்தால் இது தெரியாமலே போகலாம்.

3. வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலை கிட்ட. பிள்ளைகளுக்குப் பொரளையில் சீமாட்டி றிஜ்வே, நெஞ்சு நோய்களுக்கென்று வெலிசறையில் தனி வைத்தியசாலை. நரம்பு கிளினிக் ஒரு நாள், நெஞ்சு கிளினிக் இன்னொரு நாள் என்று அலையும்போது கொப்பிகள் பிரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு இடத்துக்கும் அதே ஃபைலோடு போங்கள்.

4. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஒக்சிமீற்றர் பல வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கும். புதுப் பற்றரி போட்டு எடுத்து வையுங்கள். தசை நோயாளருக்கு அது 95க்குக் கீழே காட்டினால் முதலில் இரண்டு சந்தேகங்கள் வரவேண்டும்: மூச்சு போதவில்லையா, சளி அடைக்கிறதா? மௌத்பீஸில் நல்ல மூச்சுகள் வாங்கி, இருமிச் சளியை எடுத்ததும் எண் ஏறிவிட்டால் காரணம் அதுதான். ஏறவில்லை என்றால், அல்லது ஏறியும் திரும்பத் திரும்ப இறங்கினால், நெஞ்சில் வேறு ஏதோ நடக்கிறது. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

5. இந்தக் குறிப்பை வீட்டிலுள்ள எல்லோரும் வாசிக்கவேண்டும். எண் குறைந்துவிட்டது என்று வீட்டில் ஒக்சிசன் சிலிண்டரைத் தனியாகத் திறந்துவிடாதீர்கள். தசை தளர்ந்தவருக்குக் குறைவாக இருப்பது உள்ளே போய் வெளியே வருகிற காற்றின் அளவு. ஒக்சிசனை மட்டும் கொடுத்தால் ஒக்சிமீற்றரின் எண் அழகாக ஏறும், உள்ளே காபனீரொட்சைட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆள் அமைதியாகத் தூங்குகிறார் என்று நாம் நிம்மதியடைவோம். அந்தத் தூக்கம் மயக்கமாக இருக்கலாம். நிமோனியா போல உண்மையாகவே ஒக்சிசன் வேண்டிய நேரமும் வரும். அப்போது அதை மறுக்கக்கூடாது. மெஷினின் மூச்சோடு சேர்த்துக் கொடுக்கும்படி கேட்கவேண்டும்.

6. மெஷின் வாங்கும்போது விற்பவரிடம் ஒரே கேள்வியை நேராகக் கேளுங்கள்: பகலில் மௌத்பீஸோடு பாவிக்க இதில் வசதி உண்டா? குறட்டைக்குக் கொடுக்கும் சிபாப் மெஷின் இதற்கு உதவவே உதவாது. இரவு மாஸ்க்கோடு கொடுக்கும் சாதாரண பைபாப் பலவற்றிலும் முடியாது, உள்ளே பற்றரியும் இராது. ஒரு மூச்சுக்கு இவ்வளவு காற்று என்று அளவு வைத்துத் தரும் வென்டிலேற்றர் வேண்டும். சிலவற்றில் மௌத்பீஸுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கும், உதடு பட்டாலே மூச்சு வரும். வளர்ந்தவருக்கு டொக்டர் வைக்கும் அளவு ஒரு மூச்சுக்கு 700 மில்லி லீற்றருக்கு மேலே, சிலருக்கு 1 லீற்றரையும் தாண்டும். கூடிப்போய்விட்டது என்று பயந்து நீங்கள் குறைத்துவிடாதீர்கள். வேண்டியதை வாங்கிக்கொண்டு மிச்சத்தை வாயோரத்தால் விட்டுவிட மூச்சு வாங்குபவருக்குத் தெரியும்.

7. வாயிலிருந்து குழாய் எடுபடும்போதெல்லாம் மெஷின் குழாய் கழன்றுவிட்டது என்று நினைத்துக் கத்தும். இந்தச் சத்தம் தாங்காமல் மௌத்பீஸையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அலாரத்தை எப்படி அமைப்பது என்பதை டொக்டரும் மெஷின் தந்தவர்களும் சேர்ந்து பார்த்துத் தருவார்கள். நீங்களாக எல்லா அலாரத்தையும் அடக்கிவைப்பது ஆபத்து.

8. பகல் குழாய் வேறு, இரவுக் குழாய் வேறு. மௌத்பீஸில் மூச்சை வெளியே விடுவது நேராக அறைக்குள். ஆகவே அந்தக் குழாயில் காற்று வெளியேறும் துளை தேவையில்லை. இரவு மாஸ்க்கில் மூக்கும் வாயும் மூடியிருப்பதால் விட்ட மூச்சு வெளியேறத் துளையோ வால்வோ இருந்தே ஆகவேண்டும். துளையில்லாத பகல் குழாயில் துளையில்லாத மாஸ்க்கை மாட்டிவிட்டால் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப எடுக்க நேரிடும். தூக்கக் கலக்கத்தில் இந்தத் தவறு நடப்பது மிகச் சுலபம். பகல் குழாயில் மஞ்சள் டேப், இரவுக் குழாயில் நீல டேப் சுற்றி வையுங்கள். மெஷினில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அமைப்பு இருந்தால் அந்த நிறத்தையே அதன் பக்கத்திலும் ஒட்டுங்கள்.

9. குழாய் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் உதட்டில் படவேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், களைத்த நேரத்தில் எட்டாது. வாயின் நேர் முன்னால் வைத்தால் பேசும்போது முகத்தை மறைக்கும், கரண்டிக்கும் தடை. வாயோரமாக, கன்னத்துக்குக் கிட்ட நிற்பது நல்லது. விருப்பப்படி வளைந்து, வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் உலோகக் கழுத்து ஒன்று வேண்டும். இதற்கென்று செய்தது கிடைக்காவிட்டால் புறக்கோட்டையில் மைக் சாமான் விற்கும் கடைகளில் மைக் ஸ்டாண்டுக்குப் போடும் வளைகழுத்து கிடைக்கும். குழாயின் பாரத்தில் தொய்யாத தடிப்பானதாகப் பார்த்து வாங்கி, சக்கர நாற்காலியின் முதுகுக் கம்பியில் இறுக்கி, குழாயை வெல்குரோ பட்டியால் இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். கட்டிலுக்கு இன்னொன்று வேண்டும். குளிக்கவைக்கும் நாற்காலிக்கும் வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பது. காலையில் நாற்காலியில் இருத்தியதும் வேறெந்த வேலைக்கும் முன்னால், உதடு எட்டுகிறதா என்று அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. பழக்கும்போது முதல் சில நாள் பக்கத்தில் இருங்கள். தம்பிலிக்கு ஸ்ட்ரோ போட்டுக் குடிப்பதுபோல உதட்டால் கவ்வி மெல்ல உறிஞ்சினால் மெஷின் அதை உணர்ந்து காற்றைத் தரும். பல்லால் கடிக்கவேண்டாம். புதியவர்களுக்குக் காற்று மூக்கு வழியே தப்பிவிடும். கொஞ்ச நாள் மூக்கை விரலால் பிடித்தால் அண்ணம் தானாக மூடப் பழகிவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தொடங்கி, களைப்புத் தெரியும் மாலை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். சிலருக்கு மணிக்குச் சில மூச்சு போதும், சிலருக்கு நிமிடத்துக்குப் பல வேண்டும். வயிறு காற்றால் உப்பினால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவு மாற்றவேண்டியிருக்கலாம்.

11. தூக்கம் வந்தால் மௌத்பீஸை எடுத்துவிட்டு மாஸ்க். பகல் தூக்கம், கோழித்தூக்கம் எதற்கும் இதுதான் சட்டம். தூங்கியதும் உதட்டுப் பிடி விட்டுவிடும்.

12. சாப்பாட்டு நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு மூச்சு, ஒரு வாய், விழுங்கி முடிந்ததும் அடுத்த மூச்சு. வாய்க்குள் சோறு இருக்கும்போது மெஷினின் காற்று வந்தால் அது சோற்றையும் மூச்சுக்குழாய்க்குள் தள்ளும். சோற்றைக் கொஞ்சம் குழையவிட்டு, குழம்பு கூட விட்டுப் பிசைந்தால் மெல்லும் வேலை குறையும். நிமிர்ந்து இருத்துங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வந்தால், சாப்பிட்டபின் குரல் நனைந்ததுபோலக் கரகரத்தால், விழுங்கும் தசைகளைச் சோதிக்கவேண்டும்.

13. பேச்சு திரும்பி வருவதைக் கேட்க ஆயத்தமாக இருங்கள். மெஷினிலிருந்து நிறையக் காற்று வாங்கிக்கொண்டு பேசும்போது வசனம் நீளும், குரல் உயரும். அடுத்த அறையிலிருந்து தம்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தார். நோயாளர் பேச்சின் நடுவே மூச்சு வாங்கும் இடைவெளியில் நீங்கள் புகுந்து அவருக்காகப் பேசி முடித்துவிடாதீர்கள். வருகிற விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

14. வாயில் குழாய் வைத்தே ஆயுளைக் கழிப்பதா என்று சொந்தக்காரர் கேட்பார்கள். இந்த முறை போலியோ காலத்தில் பிறந்தது. 1950களில் அமெரிக்காவில் இரும்பு நுரையீரல் பெட்டிக்குள் கிடந்த போலியோ நோயாளர் சிலர் வெளியே வரும் நேரங்களில் வாயில் குழாய் வைத்து மூச்சு வாங்கத் தொடங்கினார்கள். நியூயோர்க்கில் டொக்டர் ஒகஸ்டா அல்பா அதை ஆண்டுக்கணக்கில் நடத்திக்காட்டினார். அவரும் டொக்டர் ஜோன் பாக்கும் இன்னொருவரும் சேர்ந்து, தொண்டைத் துளைக்குப் பதிலாக வாய்வழி மூச்சைப் பாவித்த 257 பேரைப் பற்றி 1993இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானதும் அதே 1993இல். போலியோ போய்விட்டது. அதற்காகக் கண்டுபிடித்த வழி இன்று நம் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

15. இருமலைத் தினமும் பழக்குங்கள். தசை நோயாளர் பலரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது வெளியே எடுக்கமுடியாத சளி. இருமுவதற்கு முதலில் நெஞ்சு நிறையக் காற்று வேண்டும், அது அவரிடம் இல்லை. மெஷினிலிருந்து ஒரு மூச்சு வாங்கி, விடாமல் தொண்டையை மூடிப் பிடித்து, அதன்மேல் இன்னொன்று, முடிந்தால் மூன்றாவது என்று அடுக்கவேண்டும். நெஞ்சு நிறைந்ததும் இருமவேண்டும். அந்தக் கணத்தில் நீங்கள் வயிற்றின் மேற்பகுதியைக் கையால் உள்ளும் மேலுமாகத் தள்ளிக் கொடுத்தால் இருமல் பலமாக வரும். தள்ளும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பழகாமல் செய்யக்கூடாது, சாப்பிட்ட உடனும் செய்யக்கூடாது. இருமலின் பலத்தை அளக்க ஆஸ்மாக்காரர் ஊதும் மலிவான மீற்றரே போதும். நிமிடத்துக்கு 270 லீற்றருக்குக் கீழே வந்துவிட்டால் தடிமன் வரும் நாட்களில் உதவி வேண்டும். 160க்குக் கீழே என்றால் சாதாரண நாளிலும் சளியைத் தானாக எடுக்கமுடியாது. சளியைத் தளர்த்தும் பாணி மருந்து இருமலின் வேலையைச் செய்யாது. காற்றை அடுக்கும்போது திடீரென்று ஒரு பக்க நெஞ்சில் குத்து வந்து மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

16. வீட்டில் யாருக்காவது தடிமன் என்றால் அவர் நோயாளரின் அறைக்குள் போகவேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் சோப் போட்டுக் கை கழுவவேண்டும். ஃபுளூ தடுப்பூசி நோயாளருக்கு மட்டும் போதாது, வீட்டார் எல்லோருக்கும் வேண்டும். அவருக்கே தடிமன் பிடித்துவிட்டால் மௌத்பீஸ் நேரத்தை அவர் கேட்கிறபடி கூட்டுங்கள். இரவு பகல் முழுவதும் மெஷினிலேயே இருக்க நேர்ந்தாலும் பயப்படவேண்டாம், சுகமானதும் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

17. மெஷின் தருவது உங்கள் அறைக் காற்றைத்தான். நுளம்புச்சுருள், சாம்பிராணி, மிளகாய் தாளிக்கும் புகை எல்லாம் வடிகட்டியில் முழுதாக நிற்காது. அந்த அறையில் நுளம்புவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைத் தூபத்தைச் சாமியறையோடு நிறுத்துங்கள். டெங்குக்குப் புகையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் யன்னலைச் சாத்தி, நாற்காலியை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய், புகை அடங்கும்வரை அங்கேயே இருக்கவையுங்கள். காற்று இழுக்கும் பக்கத்துப் பஞ்சு வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றும் நேரம்.

18. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் பிளக்குகள் இருக்கின்றன. மெஷின் வருவது பெரும்பாலும் 13 அம்பியர் சதுரப் பின்னோடு. மாற்றுப் பிளக், அதன்மேல் மல்டிபிளக், அதில் ஃபிரிஜ் என்று அடுக்கினால் ஒரு நாள் இளகி விழும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மெஷினுக்கென்று தனியாக ஒரு 13 அம்பியர் பிளக் பேஸ் போடுங்கள். முடிந்தால் குளியலறை ஹீற்றர், மோட்டர் இருக்கிற லைனில் இல்லாமல் வேறு லைனில் எடுக்கச் சொல்லுங்கள். மழை நாட்களில் அவற்றில் ஈரம் பட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும், மெஷினும் சேர்ந்து நிற்கும். சுவிட்ச்சின்மேல் டேப் ஒட்டி, அணைக்கவேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள். வேலைக்கு வருபவர்களுக்கும் தெரியவேண்டும்.

19. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கறண்ட் போனது. இரண்டையும் நினைவில் வைத்தே பற்றரிக் கணக்கைப் போடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் மணித்தியாலத்தை நம்பவேண்டாம். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு பகல்நேரம், கறண்ட் இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, பற்றரி எச்சரிக்கை வரும்வரை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்து, திகதியோடு மெஷினில் ஒட்டிவையுங்கள். பற்றரி பழசாகப் பழசாக அது குறையும், சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். சுடுநீராவி தரும் ஹியுமிடிஃபையரை மின்வெட்டில் அணைத்துவிடுங்கள், பற்றரியைத் தின்பது அதுதான். 12 வோல்ற் கார் பற்றரியில் ஓடக்கூடிய மெஷின்கள் உண்டு. அதே கம்பனியின் வயர் இருந்தால் மட்டும் மாட்டுங்கள். கறண்ட் போனதை அறிவிக்க 1987 இலக்கத்துக்கு அழைக்கும்போது, வீட்டில் மூச்சு மெஷினில் ஒருவர் இருக்கிறார் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

20. வெள்ளவத்தையில் பல மாடிவீடுகளில் ஜெனறேற்றர் லிஃப்டுக்கும் படிக்கட்டு லைற்றுக்கும் மட்டும்தான். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்டு, அதிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பிளக் லைன் இழுத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷினுக்கு ஒரு ரீவி அளவு கறண்ட்கூடப் போகாது என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. செக்கியூரிற்றிக்காரருக்கும் உங்கள் வீட்டு இலக்கம் மனப்பாடமாக இருக்கட்டும்.

21. எல்லாம் நின்றால் கை இருக்கிறது. கையால் அமுக்கும் அம்பு பையொன்று கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தொங்கவேண்டும். அலுமாரிக்குள் பெட்டியில் வைத்தால் அவசரத்தில் திறப்பைத் தேடுவோம். ஏறக்குறைய ஐந்து செக்கனுக்கு ஒருமுறை, நெஞ்சு உயர்வது தெரியுமளவு அமுக்கினால் போதும். பேசக்கூடியவர் என்றால் வேகத்தை அவரே சொல்வார். வீட்டில் இருவருக்கு, பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இதைப் பழக்குங்கள். மூச்சை அடுக்கி இருமுவதற்கென்று ஒருவழி வால்வு போட்ட பை வேறு. அதில் மூச்சை வெளியே விட வழி இல்லை, ஆகவே அவசரத்துக்கு அதை எடுக்கவே கூடாது. இரண்டிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள்.

22. மௌத்பீஸைத் தினமும் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விட்டுக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். கொதிநீரும் டெட்டோலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். குழாயைக் கிழமைக்கு ஒருமுறை கழுவி, உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் தொங்கவிடுங்கள். இனிப்பு குடித்த வாயோடு பிடித்தால் எறும்பு வரும், குழாயை மாட்டுமுன் உள்ளே பாருங்கள். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் கடலுப்புக் காற்று பிளக் பின்னையும் பற்றரி முனையையும் துருப்பிடிக்கவைக்கும். மெஷினை யன்னலோரம் வைக்காமல் உட்சுவர்ப் பக்கம் வையுங்கள்.

23. லண்டனில் சித்தப்பா, ரொறன்ரோவில் மச்சாள், ஆளுக்கொரு மெஷின் அனுப்ப ஆயத்தமாக இருப்பார்கள். அந்த அன்பு பெரியது, பல வீடுகள் அதனால்தான் மூச்சு விடுகின்றன. அனுப்புமுன் சிலவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி, உள்ளே சத்தத்தை அடக்க வைத்த ஸ்பொன்ஜ் உதிரலாம் என்று தன் சிபாப், பைபாப் மெஷின்கள் பலவற்றையும் ட்ரைலஜி 100, 200 வென்டிலேற்றர்களையும் திரும்பப் பெற அறிவித்தது. பழைய மெஷின் என்றால் தொடர் இலக்கத்தை வைத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா, திருத்தியதா என்று பார்க்கவேண்டும். கனடாவில் கறண்ட் 120 வோல்ற், இங்கே 230. பவர் பெட்டியில் 100-240 என்று அச்சடித்திருந்தால் மட்டும் இங்கே பாவிக்கலாம். உதிரி லித்தியம் பற்றரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும். 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் ஏற்றமாட்டார்கள். வேறொருவருக்கு வைத்த அளவுகள் மெஷினுக்குள் அப்படியே இருக்கும். டொக்டர் மாற்றித் தரும்வரை ஒரு மூச்சுக்கூட எடுக்கவேண்டாம்.

24. ஒரு பக்கக் கடிதம், மூன்று மொழியில். டொக்டரின் கையெழுத்தோடு: நோயின் பெயர், மெஷினின் பெயர், பகல் இரவு அளவுகள், ஒக்சிசன் தேவைப்பட்டால் மெஷினின் மூச்சோடு சேர்த்துத் தரவும் என்ற குறிப்பு. டுஷேன் உள்ளவருக்குச் சில மயக்க மருந்துகள் ஆகாது, மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவருக்குச் சில அன்ரிபயோற்றிக் ஆகாது, அவற்றின் பெயர்களையும் எழுதி வாங்குங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990. கட்டணம் இல்லை. ஏறும்போது மெஷின், குழாய்கள், மாஸ்க், மௌத்பீஸ், அம்பு பை எல்லாம் கூடவே போகவேண்டும். அவசரப் பிரிவில் இந்த மெஷினைப் பார்த்திராத இளம் டொக்டர் இருக்கலாம். பதறாமல் கடிதத்தைக் கொடுத்து, அவர் வாசிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

25. வெளியே போங்கள். மெஷின் நாற்காலியின் பின்னால் ஒரு பையில் இருக்கும், குழாய் தோளுக்கு மேலாக வரும், மௌத்பீஸ் கன்னத்தருகே நிற்கும். மரைன் டிரைவில் மாலை நேரம், கொட்டாஞ்சேனையில் லூசியாள் தேவாலயப் பூசை, ஆடிவேல் இரதம் காலி வீதியால் வரும் நாள், எதையும் இதனால் தவறவிடவேண்டியதில்லை. பற்றரி நிறைந்திருக்கிறதா, மாற்று மௌத்பீஸ் ஒன்று, அம்பு பை, கடிதம்: வாசலில் இந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். கூட்டத்தில் குழாயில் யாரும் இடறாமல் ஒருவர் பின்னால் நடக்கவேண்டும்.

26. தனியாக விடுவதென்றால் கூப்பிட வழி இருக்கவேண்டும். கையில் அசையும் விரல் ஒன்று இருந்தால் வயரில்லாத கதவு மணியின் பட்டனை அந்த விரலுக்குக் கீழே ஒட்டலாம். விரலும் அசையாது என்றால் குரலுக்கு வேலை செய்யும் போன் உதவும், ஆனால் மௌத்பீஸ் நழுவிவிட்டால் குரலும் போய்விடும். அப்படிப்பட்டவரைக் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது, குளிக்கப்போகிற பத்து நிமிடத்துக்குக்கூட. இரவில் பார்ப்பவர் பகலில் தூங்கட்டும். அம்மாவே இரண்டு வேளையும் பார்ப்பது சில மாதங்களில் இரண்டு நோயாளரை உண்டாக்கும்.

27. மோட்டார் நியூரோன் நோயில் சிலருக்கு உதடும் நாக்கும் தொண்டையும் தளரும். அப்போது மௌத்பீஸைப் பிடிக்கமுடியாமல் போகும். மாஸ்க்கோடு தொடர்வதா, தொண்டையில் ரியூப் வைப்பதா, வைக்கவே வேண்டாமா என்ற முடிவு அவருடையது. நள்ளிரவில் அவசரப் பிரிவு வாசலில் அண்ணனும் மருமகனும் நின்று எடுக்கவேண்டிய முடிவாக அதை விட்டுவிடாதீர்கள். குரல் தெளிவாக இருக்கும் நாட்களிலேயே, டொக்டரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, திகதி போட்டு, 24ஆம் குறிப்பில் சொன்ன கடிதத்தோடு ஃபைலில் வையுங்கள். மனம் மாறினால் புதுத் தாளில் எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.